சுகர் கூட இல்லாதவர் ரத்தத்தில் மண் கிருமி எப்படி வந்தது?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. தம்பிக்கு 34 வயது. சுகர், பிரஷர் கிடையாது, குடி சிகரெட் கிடையாது. ஒன்பது நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல், டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, கடைசியில் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ‘பர்க்ஹோல்டேரியா சூடோமாலி’ என்று வாயில் நுழையாத ஒரு பெயர். மண்ணில் இருக்கும் கிருமி, ரொம்ப அபூர்வம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்ல உடம்போடு இருந்தவருக்கு இது எப்படி வந்தது, லேப்பில் ஏதாவது தப்பு நடந்திருக்குமா, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் மைக்ரோபயாலஜி லேப்பில் கல்ச்சர் தட்டுகளோடு குப்பை கொட்டியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ‘அபூர்வம்’, ‘நல்ல உடம்பு’ என்று உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு வார்த்தைகளையுமே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வியாதியில் அபூர்வம் என்பதற்கு முக்கால்வாசி நேரம் யாரும் தேடிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நல்ல உடம்பு என்பதற்குப் பல நேரம் இதுவரை யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை என்று அர்த்தம். எப்போதும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் லேப் தப்பா என்ற சந்தேகம். இது நியாயமான சந்தேகம்தான். ரத்தம் எடுக்கும்போது தோலில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய் வளர்ந்துவிடுவது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமிகளுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு, இவற்றில் சில நாம் கிருமிநாசினி என்று நம்பும் திரவத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். 1980இல் நியூயார்க்கில் பல நோயாளிகளின் ரத்தக் கல்ச்சரில் இப்போது பர்க்ஹோல்டேரியா செபாசியா என்று அழைக்கப்படும் கிருமி வளர்ந்தது. தேடிப்போனால், ஊசி குத்துவதற்கு முன் தோலைத் துடைத்த பொவிடோன் அயோடின் கரைசலிலேயே அது உயிரோடு இருந்தது. நோயாளிகளின் ரத்தம் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட கதைகள் நிறைய இருப்பதால் சுற்றுப்புறக் கிருமியின் பெயர் வந்தாலே, அது வெளியிலிருந்து விழுந்த அழுக்கு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் லேப்பிலும் வார்டிலும் ஊறிப்போயிருக்கிறது.

உங்கள் தம்பியின் கிருமிக்கு அந்தப் பழக்கம் செல்லாது. சூடோமாலி ரத்தத்திலோ சீழிலோ சளியிலோ, எங்கே ஒரே ஒரு தடவை வந்தாலும் அதை வியாதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தோலிலோ தொண்டையிலோ சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் ரகம் இல்லை அது. பெயர் சரிதானா என்பது மட்டும்தான் கேள்வி. மிஷின் சொல்லும் பெயரில் குழப்பம் வருவது உண்டு. கிருமியை அடையாளம் காணப் பல வருஷமாகப் புழங்கும் ஏபிஐ 20என்ஈ என்ற கிட், சூடோமாலியைப் போட்டால் சில சமயம் குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்று பதில் சொல்லும். அதுவும் மண் கிருமிதான், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். லேப்பில் நாங்கள் கை கணக்காகப் பார்ப்பது, எந்த ஆன்டிபயாடிக்குக் கிருமி அடங்குகிறது என்று காட்டும் மருந்துத் தட்டைத்தான்: ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாமல், ஆக்மென்டினுக்கு அடங்குகிற கிராம் நெகட்டிவ் (சாயம் போட்டால் சிவப்பாகத் தெரியும்) கிருமி, அதுவும் ஆக்ஸிடேஸ் என்ற நொதி டெஸ்டில் பாசிட்டிவாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஆஷ்டவுன் தட்டு என்று இதற்கென்றே ஒன்று இருக்கிறது, நாலைந்து நாள் வைத்தால் காய்ந்த வாடாமல்லிப் பூ மாதிரி ஊதா நிறத்தில் சுருங்கிச் சுருங்கி வளரும். பார்க்க அழகாக இருக்கும். முகர்ந்து பார்க்கக்கூடாது, பழைய லேப்காரர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீழ் மாதிரியில் இதே போல ஒன்று வளர்ந்தபோது ‘சூடோமோனாஸ் வகை’ என்று பொதுப்படையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான். யாரும் கேள்வி கேட்கவில்லை. அது என்னவாக இருந்திருக்கும் என்று பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. இப்படி எத்தனை தட்டுகள் எத்தனை ஊர்களில் குப்பைக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அப்புறம் ‘அபூர்வம்’ என்ற வார்த்தையின் எடை தெரியும்.

இந்த வியாதிக்குப் பெயர் மெலியாய்டோசிஸ். புதிதாக முளைத்ததும் இல்லை. 1911இல் ரங்கூன் ஆஸ்பத்திரியில் ஆல்ஃப்ரட் விட்மோர் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகள் இருப்பதைப் பார்த்தார்கள். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள ஏழைகள். குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமி மாதிரி இருந்தது, ஆனால் அது இல்லை, அதனால்தான் பிற்பாடு பெயரிலேயே ‘போலி’ என்று பொருள்படும் ‘சூடோ’ ஒட்டிக்கொண்டது. முன்பாதிப் பெயர் வந்த கதை இன்னும் வேடிக்கை: வெங்காயம் அழுகுவதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்த வால்டர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கத் தாவர நோய் நிபுணரின் நினைவாக வைத்தது. ஒரு வெங்காய அழுகல்காரரின் பெயர் உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இலங்கையில் 1927லேயே ஒரு கேஸ் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் 1990களில்தான் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார்கள். 1996இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து டி. ஜேக்கப் ஜானும் உடன் வேலை பார்த்தவர்களும் எழுதிய கட்டுரை, இது பனிப்பாறையில் தண்ணீருக்கு மேல் தெரிகிற நுனி மட்டும்தானா என்றே கேட்டது. அதற்கு 20 வருஷம் கழித்து, 2016இல் ஒரு சர்வதேசக் குழு மண், மழை, மக்கள்தொகை எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று வந்தது. அந்தக் கணக்கில் மற்ற எந்தப் பகுதியையும்விடப் பெரிய பங்கு தெற்காசியாவுக்குத்தான். கணக்கீடுதானே, தலையை எண்ணிப் பார்த்ததில்லை என்று நீங்கள் சொல்லலாம், சரிதான், ஆனால் அதில் பாதி தப்பு என்று வைத்தாலும் ‘அபூர்வம்’ என்று சொல்ல முடியாது. நம் ஊரில் இது பெரும்பாலும் டிபி என்ற பெயரில் திரிகிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல், எடை இறங்குகிறது, மாலைக் காய்ச்சல், சளியில் டிபி கிருமி கிடைக்கவில்லை, இருந்தாலும் டிபி மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆறு மாசம் கழித்து ஆள் இன்னும் மோசம்.

சரி, நல்ல உடம்பு விஷயத்துக்கு வருவோம். மெலியாய்டோசிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கும். மிச்சத்தில் குடி, சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய், ஸ்டீராய்டு மாத்திரை. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. குழந்தைகளில் இன்னும் அதிகம், பெரும்பாலான குழந்தைகள் அதுவரை ஓடி விளையாடிக்கொண்டிருந்தவர்கள்தான்.

இதற்கு 2021இல் அமெரிக்காவில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கான்சாஸ், டெக்சாஸ், மினசோட்டா, ஜார்ஜியா என்று ஒன்றுக்கொன்று ரொம்ப தூரத்தில் இருக்கும் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ், இரண்டு பெரியவர்கள், இரண்டு சின்னக் குழந்தைகள். யாரும் வெளிநாடு போனதில்லை. இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று குழந்தை. மரபணு வரிசையைப் பார்த்தால் நான்கு கிருமிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, ஜாடையோ தெற்காசியா. மாதக்கணக்கில் அவர்கள் வீடுகளில் மண், தண்ணீர், சோப்பு, மளிகை என்று என்னென்னவோ எடுத்துச் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அக்டோபரில் ஜார்ஜியா வீட்டில் இருந்த ஒரு அறை வாசனை ஸ்ப்ரே பாட்டிலில் கிருமி கிடைத்தது. லாவெண்டர், கெமோமில் வாசனை, அடியில் அழகுக்காகச் சின்னச் சின்னக் கற்கள், இந்தியாவில் தயாரானது, வால்மார்ட்டில் நாலு டாலருக்கு விற்றது. சுமார் 3,900 பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். டெக்சாஸ் வீட்டில் செல்லமாக வளர்ந்த ரக்கூன் என்ற விலங்கு அதே ரக பாட்டில் ஒன்றை உடைத்து அதன் மேலேயே நடந்திருக்கிறது, இரண்டு வாரத்துக்குப் பிறகு செத்துவிட்டது. புதைத்ததைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் அதன் உடலிலும் இருந்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். அந்தக் குழந்தைகளின் எதிர்ப்பு சக்தியில் குறை எதுவும் தெரிந்திருக்கவில்லை. கிருமி போய்ச் சேர்ந்த வழிதான் வேறு. மண்ணில் காலை வைத்தால் தோல் காக்கிறது. காற்றில் சாரலாக அடித்து மூச்சோடு உள்ளே இழுத்தால் காவலே இல்லாத வாசல் வழியாக நேராக நுரையீரலுக்குப் போகிறது. எவ்வளவு கிருமி, எந்த வழியாக, இந்த இரண்டும் சேர்ந்தால் கட்டுமஸ்தான ஆளையும் சாய்த்துவிடும். வாணியம்பாடியில் 2022-23இல் நடந்ததும் இதே கணக்குதான். ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்தது, 8 பேர் இறந்தார்கள். திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டிலில் அதே கிருமி கிடைத்தது. வாய்க்குள் இருக்கும் காயம், அங்கிருந்து முகத்து நரம்புகள், அங்கிருந்து மூளை, தூரம் ரொம்பக் குறைவு.

அதனால் உங்கள் தம்பியிடம் உட்கார்ந்து பேசி, காய்ச்சல் வருவதற்கு முந்தைய மூன்று வாரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் ஏறிய கிருமி வியாதியாக வெளிப்பட வழக்கமாக ஒரு நாளிலிருந்து 21 நாள் வரை ஆகும். வயலில் வெறுங்காலோடு இறங்கினாரா, போர்வெல் போடும் இடத்தில் நின்றாரா, மழைவெள்ளத்தில் வண்டி தள்ளினாரா, கட்டட வேலையில் கை கிழிந்ததா, புயல் காற்றில் வெளியே இருந்தாரா, குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீர் குடித்தாரா. இந்த வியாதியின் பெரும்பகுதி மழைக்காலத்தில் வருவது, நிலத்தடியில் தூங்கும் கிருமி ஈரத்தோடு மேலே ஏறி வருவதால்தான். பல பேருக்கு எந்தக் காயமும் ஞாபகம் இருக்காது, அது சகஜம். ஊசிமுனைக் கீறல் போதும்.

இன்னொரு பக்கம், ‘யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை’ என்று சொன்னேனே, அது. “சுகர் இல்லை” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எப்போது பார்த்தது? கம்பெனியில் சேரும்போது எடுத்ததா, நான்கு வருஷம் முன்பா? மூன்று மாதச் சராசரி சுகரை இப்போது பார்த்தார்களா என்று கேளுங்கள். 34 வயதில், ஒல்லியான உடம்பில், இந்தக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் சுகர் இருப்பதே தெரியவருவது தமிழ்நாட்டில் அதிசயமே கிடையாது.

சுகரைத் தாண்டியும் ஒளிந்திருக்கும் குறைகள் உண்டு. 2009இல் சிகாகோவில் ஓர் ஆராய்ச்சியாளர் பிளேக் கிருமியால் இறந்தார். அவர் லேப்பில் கையாண்டது மனிதருக்கு ஆபத்தில்லாத அளவுக்கு வலுவிழக்கச் செய்த ரகம், உடம்பிலிருந்து இரும்பைத் திருடும் திறமை அதற்குக் கிடையாது. ஆனால் அவருக்கு உடம்பில் இரும்பு தேங்கும் பரம்பரைக் கோளாறு இருந்திருக்கிறது, இறந்த பிறகுதான் அது தெரிந்தது. திருடத் தெரியாத திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

மேலே சொன்ன குரோமோபாக்டீரியம் வயலேசியம் இன்னொரு பாடம். வெப்பமண்டல ஊர்களில் குளத்திலும் சேற்றிலும் சாதாரணமாக இருப்பது, தட்டில் வளர்த்தால் கருநீலமாக, மை கொட்டியது போல் இருக்கும், அதனாலேயே மறக்க முடியாது. மனிதருக்கு நோய் வந்ததாக உலகம் முழுவதும் பதிவானது சில நூறைத் தாண்டாது, இதைத்தான் நிஜமாகவே அபூர்வம் என்று சொல்லலாம். வந்தால் தோலில் கொப்புளம், கல்லீரலில் சீழ், ரத்தத்தில் கிருமி, பழைய பதிவுகளில் பாதிக்கு மேல் மரணம். 2004இல் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் ஏரியில் குளித்து விளையாடிய மூன்று சகோதரர்கள் ஒரே சமயத்தில் விழுந்தார்கள், இருவர் பிழைக்கவில்லை. ஒருவரிடம்தான் கிருமி உறுதியானது, மற்ற இருவருக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று கணித்தார்கள். குரோமோபாக்டீரியம் வந்து பிழைத்த குழந்தைகளைப் பிற்பாடு சோதித்தால் சிலருக்கு வெள்ளணுக்களில் பிறவிக் குறை ஒன்று இருப்பது தெரிகிறது, வெள்ளணு கிருமியை விழுங்கிவிடும், ஆனால் கொல்லத் தேவையான ஆக்ஸிஜன் ரசாயனத்தைத் தயாரிக்கத் தெரியாது. அதனால் குழந்தைக்கு இப்படி ஒரு கிருமி ரத்தத்தில் வந்தால், குணமான பிறகாவது வெள்ளணு வேலைத்திறன் டெஸ்ட் ஒன்று எடுப்பது வழக்கம். உங்கள் தம்பிக்கு இந்த வயதில் அது அவசரமில்லை என்றே நினைக்கிறேன், சூடோமாலிக்கும் அந்தக் குறைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு வலுவானது கிடையாது. சின்ன வயதிலிருந்தே அடிக்கடி சீழ்க்கட்டி, நிமோனியா என்று வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிகளில் முதலில் ஏற்றும் செஃப்ட்ரையாக்சோன் இதற்குப் போதாது, ரிப்போர்ட் வந்த பிறகும் அதுவே ஓடிக்கொண்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். இதற்கான மருந்து செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம், நரம்பு வழியாக, குறைந்தது இரண்டு வாரம். 1989இல் வெளியான ஓர் ஆய்வில், தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் பழைய கூட்டு மருந்துகளுக்குப் பதிலாக செஃப்டாசிடைம் கொடுத்துப் பார்த்தார்கள், மரணம் 74 சதவீதத்திலிருந்து 37 ஆக, சரிபாதியாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் டார்வினில் சீக்கிரம் கண்டுபிடித்து, நல்ல ஐசியு வசதியோடு பார்ப்பதால் இப்போது பத்துப் பேரில் ஒருவர்கூட இறப்பதில்லை. ஆக மருந்து இருக்கிறது, பெயர் சீக்கிரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்குப் பெயர் தெரிந்துவிட்டது, அதுவே பாதி கிணறு தாண்டின மாதிரி.

அடுத்தது வயிற்று ஸ்கேன். கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்குப் புராஸ்டேட் மூன்றையும் பார்க்க வேண்டும், சத்தமில்லாமல் சீழ் அங்கே கட்டியிருக்கும். சீழ் இருந்தால் ஊசி மருந்தின் காலம் நீளும், பெரிய கட்டியை வடிக்கவும் வேண்டியிருக்கும். மருந்து ஆரம்பித்து ஐந்தாறு நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை என்று பயப்படாதீர்கள், இந்த வியாதியில் காய்ச்சல் இறங்க ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். பயந்து வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே முதலிலிருந்து டிபி டெஸ்ட் என்று ஆரம்பித்தால்தான் வம்பு.

அப்புறம் வீட்டுக்கு வந்த பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். உடம்பு தேறிவிட்டது, சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், எதற்கு இவ்வளவு பெரிய மாத்திரை என்று நாற்பதாவது நாள் நிறுத்துவார்கள், சில மாதத்தில் அதே கிருமி திரும்ப வரும். இது செல்லுக்குள்ளேயே புகுந்து உட்காரத் தெரிந்த கிருமி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்க வீரருக்கு 62 வருஷம் கழித்துக் கையில் இது வெளிப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அந்த மாதிரி நீண்ட உறக்கம் ரொம்ப ரொம்பக் குறைவு, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மாத்திரையை மட்டும் முடித்துவிடுங்கள். அந்த மாத்திரையில் சிலருக்குத் தோலில் தடிப்பு வரும், பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும், வெள்ளணு குறையும், ஆரம்பத்தில் வாரா வாரம் ரத்தம் பார்ப்பது நல்லது. அரிப்போடு வாய்ப்புண்ணும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், தானாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம், மாற்று மருந்து உண்டு.

இன்னும் ஒன்று, வேறு லேப்பில் கல்ச்சர் கொடுத்தால் சீட்டிலேயே ‘மெலியாய்டோசிஸ் உறுதியானவர்’ என்று எழுதச் சொல்லுங்கள். தட்டைத் திறந்த மேஜையில் வைத்துக் கிளறும் பையனுக்கு அது தெரிய வேண்டும், அவனும் யாரோ ஒருவருடைய தம்பிதான்.

அம்மா தட்டு, தம்ளர், படுக்கை எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தேவையே இல்லை. ஆளிடமிருந்து ஆளுக்கு இது பரவுவது அனேகமாக நடப்பதே கிடையாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. புண்ணிலிருந்து சீழ் வடிந்தால் கையுறை போட்டுத் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள், மழை விடும் வரைக்கும் தோட்டத்தில் செருப்பில்லாமல் இறங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.